சிவப்புக் காரின் கடைசித் தவணை

தம்பி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மா வைத்த கோழிக்கறியில் எலும்பைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனவனிடம் சுகம் விசாரிக்க என்ன இருக்கிறது? குருவிட்டவிலிருந்து இரத்தினபுரிக்கு பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்கு ஒரு கடிதமா, அதற்கு ஒரு முத்திரையா என்று நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு வாசி. ஆனால் படம் எடுக்க வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, லைட்டை எரியவிட்டுக்கொண்டு, நின்ற நிலையில் வாசிக்காதே. ஸ்டூடியோக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து வாசி. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் மழையைப் பற்றியோ தேயிலை விலையைப் பற்றியோ பேசிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

காரின் படத்தை நீ மேசைமேல் விரித்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். புத்தம் புதிய கார், இரண்டே கதவு, தரையோடு தரையாக, கோயில் குங்குமத்தின் நிறத்தில். கலியாண ஜோடிகள் இப்போதெல்லாம் இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் சாய்ந்துகொண்டு படம் எடுக்கத்தான் ஆசைப்படுகிறார்கள், கொழும்பிலிருந்து வாடகைக்குக் கொண்டுவருகிறார்கள், இரத்தினபுரியில் நம் கையில் ஒன்று இருந்தால் ஸ்டூடியோவைத் தேடி வருவார்கள் என்று நீ விளக்கினாய். ஆவணியில் வரும் உன் கலியாணத்துக்குத்தான் அதன் முதல் ஓட்டம் என்றும் சொன்னாய். அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கதவுதான் இருக்கு. நானும் உங்கப்பாவும் எதுல ஏறுறது, டிக்கியிலயா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். பிறகு நீ லீசிங் பேப்பரை எடுத்து வைத்து, "கேரண்டிக்கு நீங்க ஒரு கையெழுத்து போடணும்ப்பா" என்றாய். அந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுபோனதை நீ கவனித்தாய்.

கண்ணாடியைக் காணவில்லை என்றேன். அடுத்த வாரம் கை வலிக்கிறது என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாள் பார்த்துப் போடுகிறேன் என்றேன். நீ தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ஒங்களுக்கு என்மேல நம்பிக்கை இல்லப்பா. நல்லா ஓடிக்கிட்டிருந்த வேன பயந்துபோய் வித்தவங்கதானே நீங்க. நான் அப்படி பயப்படுற ஆள் இல்ல." சொல்லிவிட்டுப் பேப்பரை டீவிக்கு மேலே வைத்துவிட்டுப் போனாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. வாசலுக்கு வந்து உன்னைக் கூப்பிட நினைத்தேன். ஆனால் நீ சொன்னதில் உன் பொய் எதுவும் இல்லை. நான் பத்து வருடத்துக்கு மேலாக உனக்குச் சொல்லி வைத்திருந்த பொய்யைத்தான் நீ எனக்கே திருப்பிச் சொன்னாய்.

அந்த வேனை நான் விற்கவில்லை, தம்பி. அது விற்பதற்கு என்னுடையதாகவே இருக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும், நீ இரண்டாம் வகுப்பில் இருக்கும்போதுதான் அந்த வெள்ளை வேன் வந்தது. அதற்கு முன் நான் தோட்டத்து ஃபேக்டரி லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தை நடத்தும் துரையிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். காலையில் குருவிட்டவிலிருந்து இரத்தினபுரிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீசனில் மலைக்கு யாத்திரை போகும் ஆட்கள், நடுவில் ஒரு கலியாணம், ஒரு சாவு வீடு. சும்மா நிற்கிற நாளே இல்லை. பின் கண்ணாடியில் உன் பெயரை ஒட்டினேன். அடுத்த நாள் நீ அந்தக் கண்ணாடிக்குக் கீழே நின்றுகொண்டு, நம் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் அதை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாய்.

அந்த வேனையும் லீசிங்கில்தான் எடுத்தேன். இரத்தினபுரியில் ஒரு கம்பெனி, அது இப்போது இல்லை. கழுத்துப் பட்டி கட்டிய ஒரு மாத்தயா எனக்கு முன்னால் ஒரு கட்டுக் கடதாசியை வைத்தார். எல்லாம் சிங்களம். நான் பேசுகிற சிங்களத்தைத்தான் உனக்குத் தெரியுமே. லொறி ஓட்டிய காலத்திலிருந்தே டவுனில் என்னோடு பழகியவர்களே, "நீ வாயைத் திறந்தா தோட்டத்து ஆள்னு யாரும் சொல்லமாட்டாங்க" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது. ஆனால் நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை, அதுவும் தமிழில் மட்டும். சிங்களம் எனக்குக் காதால் வந்தது, நாக்கில் தங்கியது. கண்ணுக்கு அது வரவே இல்லை. என் அடையாள அட்டையில் சிங்களத்தில் இருக்கும் என் பெயரைக்கூட என்னால் வாசிக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற படம் என்னுடையது, ஆகவே பெயரும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இதை இன்று வரை உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்பில் நீ சிங்களப் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய். நான் வேன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டே, "வாசி, கேக்குறேன்" என்பேன். நீ விரலை வைத்து வாசிப்பாய். நான் புத்தகத்தைப் பார்க்காமலே, "அப்படி இல்ல, 'ல'வ அழுத்தாத, திரும்ப சொல்லு" என்று திருத்துவேன். உனக்கு ஒரே பெருமை. "எங்கப்பா புக்க பாக்காமலே பிழை புடிப்பாரு" என்று டீச்சரிடம் போய்ச் சொன்னாயாம். டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'அ' எது 'ஆ' எது என்று எனக்குக் காட்டு தம்பி என்று கேட்டிருந்தால், ஒரு மாதத்தில் படித்திருப்பேன். மகனிடம் அப்பன் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

லீசிங் மாத்தயாவிடமும் அதே நடிப்புத்தான். அவர் கடதாசியைத் தள்ளினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, அந்தந்த நேரத்துக்குப் பக்கத்தைத் திருப்பினேன். நடுவில் ஒரு இடத்தில் புருவத்தைச் சுருக்கி, முன் பக்கத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக நடித்தேன். "கியெவ்வாத?" என்று கேட்டார், வாசித்தாயா என்று. "ஒவ், கியெவ்வா" என்றேன், ஆமாம், வாசித்தேன் என்று. தெரியாது என்று சொன்னால் தமிழன் என்று தெரிந்துவிடும், யுத்தக் காலம், நிலைமையும் சரியில்லை, லீசிங் தரமாட்டார்கள் என்று பயந்தேன் என்றுதான் பிறகு எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் அடையாள அட்டை அவர் கையில் இருந்தது. என் பெயரும் என் அப்பா பெயரும் அவருக்கு முன்னால் இருந்தன. நான் யார் என்று எனக்கு முன்பே வாசித்துவிட்ட மனிதரிடம் நான் எதை மறைத்தேன்? படிப்பில்லாதவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான். வெறும் கௌரவம்.

எனக்குப் பிணை நின்றது பியதாச. வேன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டயர் ஒட்டும் கடை வைத்திருந்தானே, உன்னைத் தூக்கி டயர்களுக்கு மேலே உட்கார வைப்பானே, அவன்தான். அவனுக்கு சிங்களம் தாய்ப்பாஷை, பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பவன். அவனும் பேப்பரைப் பார்க்கவில்லை. "நீ வாசிச்சிட்டேல்ல மச்சான், போதும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். போகும்போது அந்த மாத்தயா எனக்குக் கை கொடுத்து, "அவசான வாரிகய கெவ்வம வாஹனே மாத்தயாகே" என்றார். கடைசித் தவணையைக் கட்டியதும் வாகனம் ஐயாவுடையது. என்னை மாத்தயா என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் 'அவசான வாரிகய' என்ற இரண்டு வார்த்தையை நான் கவனிக்கவில்லை.

நாலு வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டினேன். கடைசி மாதம், ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போனேன், வேனின் பதிவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு இனிப்புக் கொடுத்துவிட்டு வருவதற்கு. வேறொரு ஆள் இருந்தார். புத்தகத்தைத் தரவேண்டுமானால் இன்னும் அவசான வாரிகய இருக்கிறதே என்றார். நான் பணத்தை நீட்டினேன். இது மாதத் தவணை, நான் கேட்பது கடைசித் தவணை என்று கட்டைத் திறந்து விரலால் காட்டினார். எழுத்து வராவிட்டாலும் இலக்கம் வாசிக்க எனக்குத் தெரியும். இலக்கங்களை மட்டும் பார்த்திருந்தால்கூட அன்றைக்கே கேட்டிருப்பேன். நடிக்கிற மும்முரத்தில் அதையும் பார்க்கவில்லை. மாதத் தவணை குறைவு என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே, அது குறைந்ததெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தது. ஒரு பழைய வேனையே வாங்கலாம், அவ்வளவு.

இதோடு முடிந்திருந்தாலும் வேனைக் காப்பாற்றியிருப்பேன். அந்தத் தொகைக்குப் புதிதாக ஒரு லீசிங் எழுதலாம், பழைய பிணைக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அங்கேதான் நான் விழுந்தேன். பியதாசவைக் கூட்டிவந்தால் பழைய பேப்பரை எடுப்பார்கள், அவன் வாசிப்பான், நான் வாசிக்காமலே தலையாட்டியது அவனுக்குத் தெரிந்துவிடும். மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் வேனைக் கொண்டுபோய் அவர்கள் முற்றத்தில் நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வந்தேன். பின் கண்ணாடியில் இருந்த உன் பெயரை உரிக்கப் பார்த்தேன், பாதிதான் வந்தது. வீட்டுக்கு வந்து, செக்பொயின்ட் தொல்லை, ஹயர் ஓட்டம் இல்லை, நல்ல விலைக்கு விற்றுவிட்டேன் என்றேன். நீ அன்று சாப்பிடவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. நான் திரும்பவும் தோட்டத்துக்குப் போய், துரைக்கு முன்னால் நின்று, அதே லொறியைக் கேட்டு வாங்கினேன்.

பியதாசவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கடைக்கு வரச் சொன்னான். திட்டுவான் என்று நினைத்துப் போனேன். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன் மச்சான் என்கிட்ட கேக்கல? நான் பக்கத்திலதானே உக்காந்திருந்தேன்" என்று மட்டும் கேட்டான். அவன் சிங்களத்தில் கேட்டது எனக்கு நன்றாக விளங்கியது.

இப்போது உன் பேப்பருக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை அதை டீவிக்கு மேலிருந்து எடுத்து, மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உனக்குச் சொல்லாமல் இரத்தினபுரிக்கு வந்தேன். உன் ஸ்டூடியோ இருக்கும் பக்கம் வராமல் மற்றத் தெருவால் சுற்றிப் போனேன். உன்னோடு லீசிங் பேசியது ஒரு பெண் பிள்ளையாம், அவளுக்கு முன்னால்தான் உட்கார வைத்தார்கள். என்ன வேண்டும் அங்கிள் என்று கேட்டாள். வழக்கம்போல நன்றாகத்தான் பேசத் தொடங்கினேன். அவளும் பேப்பரை என் பக்கம் தள்ளினாள். கை தானாகக் கண்ணாடியைத் தேடிப் போனது, தம்பி. பிறகு கையை மேசைமேல் வைத்துவிட்டு, "மட்ட சிங்கள கியவன்ன பே" என்றேன். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இந்த வயதுக்கு அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை. "பரவாயில்ல அங்கிள், நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க" என்று சொல்லி, நாற்காலியை என் பக்கத்துக்கு இழுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து வாசித்தாள். விளங்காத இடத்தில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. இந்தக் காரியம் இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன். அதற்காக அழுதேன் என்று நினைக்காதே. கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கேட்டதில் மூன்று விஷயம் உனக்குத் தெரிந்தாக வேண்டும். மாதத் தவணை குறைவு என்று நீயும் எங்களிடம் பெருமையாகச் சொன்னாய் அல்லவா, உன் பேப்பரிலும் கடைசியில் ஒரு அவசான வாரிகய உட்கார்ந்திருக்கிறது. உன் இரண்டு கேமராவையும் ஸ்டூடியோக் கடைக்கு முன்பணமாகக் கொடுத்த கீ மணியையும் சேர்த்தாலும் அதற்கு எட்டாது. அதைக் குறைத்து மாதங்களுக்குள் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் எடுக்கிறவர்தான் கேட்க வேண்டும், உங்கள் மகன் கேட்கவில்லையே என்றாள். அடுத்தது, காரின் விலை. காட்சி அறையில் உனக்குச் சொன்ன விலையும் பேப்பரின் தலையில் போட்டிருக்கும் விலையும் ஒன்று இல்லை. நடுவில் என்னென்னவோ செலவு ஏறியிருக்கிறது. நீ மாதத்துக்கு எவ்வளவு என்று மட்டும் பேரம் பேசியிருக்கிறாய். முதலில் பேச வேண்டியது விலையை, அங்கே குறைந்தால்தான் கீழே எல்லாம் குறையும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்தக் காரை உன் சொந்தப் பாவனைக்கு, வாடகைக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். கலியாணத்துக்கு வாடகைக்கு விட்டு, எங்காவது ஒரு உரசல் விழுந்தால் இன்சூரன்ஸ் ஒரு சதம் தராது, வாடகைக்கு விட்டது தெரிந்தால் காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். நீ அதை எடுப்பதே கலியாணங்களுக்கு விடத்தானே? அந்த மூன்று இடத்திலும் அவள் பென்சிலால் கோடு போட்டுத் தந்திருக்கிறாள், பேப்பரை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன்.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "மகனுக்கும் வாசிக்கத் தெரியாதா அங்கிள்?" நான் உடனே ரோஷத்தோடு, என் மகன் மூன்று பாஷையும் வாசிப்பான் என்றேன். அவள் பேப்பரைப் புரட்டி ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் காட்டினாள். எல்லாப் பக்கத்திலும் உன் சுருக்கக் கையெழுத்து. நான் வாசிக்கத் தெரியாமல் பக்கத்தைத் திருப்பினேன். நீ வாசிக்கத் தெரிந்திருந்தும் வாசிக்காமல் திருப்பியிருக்கிறாய். ஏன் என்று நானே யோசித்துப் பார்த்தேன். வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தால், கையில் காசில்லாதவன், சந்தேகப்படுகிறவன், தோட்டத்திலிருந்து வந்தவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று உனக்கும் தோன்றியிருக்கும். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுக்க வந்தவன் அப்படியெல்லாம் உட்கார்ந்து வாசிக்கக் கூடாது என்று உன் கையும் அவசரப்பட்டிருக்கும். அது என் கை, தம்பி. உனக்கு நான் தந்ததில் அதுவும் ஒன்று என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே, "எனக்கு எப்பவோ தெரியும்ங்க. போஸ்ட்ல வந்த சிங்களக் கடதாசிய தலகீழா புடிச்சிக்கிட்டு 'ம், ம்'னு வாசிச்சீங்களே ஒரு நாள்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். கலியாணம் கட்டப்போகிறவன் நீ. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன். உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளையிடம் உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு. அவளுக்கு அது தெரிந்துதான் இருக்கும்.

உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்றாய். கார் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதன் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் நீ உன் மணப்பெண்ணோடு வந்து இறங்குவதை நான் பார்க்க வேண்டும். முதலில் போய், அந்த மூன்றையும் வாய் திறந்து கேள். விலையைக் குறைக்கச் சொல், கடைசித் தவணையைப் பிரிக்கச் சொல், வாடகைக்கு விடலாம் என்று எழுதச் சொல். ஒத்து வரவில்லையென்றால் வேறு கம்பெனி இருக்கிறது, வேறு காரும் இருக்கிறது. ஒத்து வந்தால், புதிய பேப்பரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. மூன்றாம் வகுப்பில் வாசித்த மாதிரி விரலை வைத்து, முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. இந்தத் தடவை நான் சக்கரத்தைக் கழுவிக்கொண்டு கேட்கமாட்டேன். உன் விரலைப் பார்த்துக்கொண்டு கேட்பேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து போவோம். என் கையெழுத்தை நான் தமிழில் போடுவேன். அதற்கு முன் அந்த லீசிங் கம்பெனிப் பிள்ளை நம்மிடம் "கியெவ்வாத?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவையாவது "ஒவ்" என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டும், தம்பி. அதற்கு நீ வேண்டும்.

அப்பா